ஒன்பது காணியில் அக்காவுக்கு எத்தனை காணி?



நம்ம பக்கம் பண்ருட்டி வரைக்கும் முந்திரித் தோப்பு, பலா மரம், கரும்புக் கொல்லை இதுதான் சொத்து. அதனால் வகுப்பிலும் பேச்சு அப்படித்தான் போகுது. "உங்களுக்கு எத்தனை காணி?" "எங்களுது தாத்தா காலத்து மாடி வீடு." "அவங்க வீட்டுல நிலமே இல்லடி, கூலி வேலைதான்." இதைக் கேட்டதும் ஒருத்திக்குத் தலை நிமிருது, இன்னொருத்திக்குக் குனியுது. ஆனால் அந்த நிலத்தை முதல் பெண் சம்பாதிக்கவும் இல்லை, இரண்டாவது பெண் தொலைக்கவும் இல்லை. பிறந்த வீடு அப்படி, அவ்வளவுதான்.

அதுக்காகப் பரம்பரைச் சொத்து ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையைக் கடந்தது. அப்போது நம்மில் பலர் பிறக்கவே இல்லை. தாத்தா, பாட்டன் வைத்த முந்திரியும் பலாவும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்ததாகப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மரம் போனாலும் நிலம் இருந்தவர்கள் மறுபடியும் கன்று நட்டார்கள். நிலம் இல்லாதவர்களுக்குக் கொட்டை பொறுக்கும் வேலையும் சேர்ந்து போச்சு. சொத்து என்பது கஷ்ட காலத்தில் காலை ஊன்ற ஓர் இடம். அதனால்தான் அது யாருக்குப் போகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கு போடலாம். (ஒரு காணி என்றால் 1 ஏக்கர் 32 சென்ட்.)

ஓர் இந்துக் குடும்பத்தில் 9 காணி பூர்வீக நிலம். அப்பா, இரண்டு அண்ணன், ஓர் அக்கா. அம்மா முன்பே இறந்துவிட்டார். இப்போது அப்பாவும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய முறை (1956 இந்து வாரிசுரிமைச் சட்டம்): பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைக்குத்தான் பிறப்பிலேயே பங்கு. எனவே அப்பாவுக்கு 3, ஒவ்வொரு அண்ணனுக்கும் 3. அப்பாவின் 3 காணியை மட்டும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 1 காணியாகப் பிரிப்பார்கள்.
அண்ணன் = 4 காணி
இன்னொரு அண்ணன் = 4 காணி
அக்கா = 1 காணி

இன்றைய முறை: அக்காவுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு.
மூவருக்கும் = ஆளுக்கு 3 காணி

பார்த்தீர்களா? "எங்களுக்கு ஒன்பது காணி" என்று பெருமையாகச் சொன்ன பெண்ணுக்கு அந்தக் காலத்தில் கிடைத்திருப்பது ஒரே ஒரு காணி! தோழியோடு ஒப்பிட்டுப் பார்த்தவள், கூடப் பிறந்தவனோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கு தானாக மாறவில்லை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சரியாக 60 ஆண்டு கழித்து, 1989-ல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் 25-3-1989க்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அதில் இடம் இல்லை. ஒரே வீட்டில் பெரிய அக்காவுக்கு இல்லை, சின்ன அக்காவுக்கு உண்டு என்று ஆனது.

9-9-2005 அன்று இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தம், கல்யாணம் ஆனவர்களுக்கும் பங்கு கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11-8-2020 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் 20-12-2004க்கு முன்பே பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினை செல்லும்.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்றால் அவர் விருப்பப்படி யாருக்கும் உயில் எழுதலாம். உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கிறிஸ்தவக் குடும்பத்திலும் உயில் இல்லாவிட்டால் மகன், மகள் சமம். முஸ்லிம் சட்டத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு.

"எங்க வீட்டுல பங்கு போட என்ன இருக்கு?" என்று நிலம் இல்லாத தோழிகள் கேட்கலாம். குடியிருக்கும் சொந்த வீடும் சொத்துதான், ஓட்டு வீடானாலும் சரி. முன்பு அண்ணன் தம்பிகள் பிரிக்கச் சம்மதித்தால்தான் அந்த வீட்டில் மகள் பாகம் கேட்க முடியும். 2005-ல் அந்தத் தடையையும் எடுத்துவிட்டார்கள்.

சட்டம் வந்துவிட்டது, ஆனால் வழக்கம் இன்னும் வரவில்லை. "அதான் பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே" என்பார்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கேட்டால் தாய்வீட்டு உறவு போய்விடும் என்று அக்காக்களும் போட்டுவிடுகிறார்கள். மனம் ஒப்பி விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் எத்தனை காணியை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தைப் படித்துப் பார்க்கத்தானே நாம் பள்ளிக்கூடம் வருகிறோம்?

மாணவர்களே, இது உங்களுக்கு எதிரான கணக்கு இல்லை. நாளைக்கு உங்களுக்கும் மகள் பிறப்பாள்.

யோசித்துப் பாருங்கள்:
1. உங்கள் வீட்டுப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது?
2. உங்கள் அம்மாவுக்கு அவர் பிறந்த வீட்டில் பங்கு கொடுத்தார்களா?
3. மேலே உள்ள கணக்கில் இரண்டு அண்ணனுக்குப் பதில் ஒரே அண்ணன், ஓர் அக்கா என்றால் பழைய முறையில் யாருக்கு எவ்வளவு?

விடை: அண்ணன் 6¾ காணி, அக்கா 2¼ காணி. இன்றைய முறையில் ஆளுக்கு 4½.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி