பயிற்சி நின்ற நாட்களில் நம்ம பொண்ணு: ஜிம்னாஸ்டிக் அணித் தேர்வுக்கு வீட்டிலேயே தயாராவது எப்படி?



கறவை மாடு, காளான் வளர்ப்பு, கடன் திருப்பம் என்று படித்துப் பழகிய நமக்கு இந்த மாதப் பாடம் கொஞ்சம் புதுசாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம குழுக் குடும்பங்களில் பள்ளிக்கூடத்திலும் மாவட்ட விளையாட்டரங்கத்திலும் ஜிம்னாஸ்டிக் பழகும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். கபடி, ஓட்டப்பந்தயம் பழகுகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பிரச்சினை இதுதான். பிள்ளை மூணு நாலு வருஷம் பழகியிருப்பாள். அணித் தேர்வு வரும். அதற்கு முன்னால் கோடை லீவு வரும், இல்லாவிட்டால் காய்ச்சல், கால் சுளுக்கு, சடங்கு, அறுவடை என்று ஏதாவது வந்து பயிற்சி ஒரு மாதம் நின்றுபோகும். தேர்வில் போய் நின்றால் கால் விரியாது, கை தாங்காது. பெண் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள். "சரி விடு, இதெல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு நாமும் சொல்லி முடித்துவிடுவோம். அந்த ஒரு மாதத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இப்படி ஆக வேண்டியதில்லை.

பயிற்சி நின்றால் உடம்பில் என்ன ஆகும்?

எல்லாம் ஒரே நாளில் போய்விடாது, ஒரே வேகத்திலும் போகாது. முதலில் குறைவது மூச்சுத் தாக்கு. சுமார் 2 வாரம் சும்மா இருந்தாலே ஓடும்போது சீக்கிரம் இரைக்கும். உடம்பின் வளைவும் சீக்கிரம் இறுகிவிடும். தசை பலம் கொஞ்சம் பொறுமையானது, பொதுவாக 3 அல்லது 4 வாரம் வரை பெரிய சேதம் இல்லாமல் நிற்கும். கற்ற வித்தை மனசில் அப்படியே இருக்கும். சைக்கிள் ஓட்டப் பழகியவர்களுக்கு அது மறக்கிறதா? ஆனால் காற்றில் எப்போது திரும்புவது, எப்போது காலை ஊன்றுவது என்கிற நேரக் கணக்கு மங்கிவிடும். அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். "எனக்குத்தான் தெரியுமே"ன்னு வந்த முதல் நாளே பழைய வித்தையைச் செய்யப் பார்ப்பாள், உடம்பு அதற்குத் தயாராக இருக்காது.

அதனால் லீவில் வீட்டில் செய்ய வேண்டியது புது வித்தை அல்ல. வளைவையும் பலத்தையும் காப்பாற்றுவது மட்டும்தான். இது மிகவும் முக்கியம். வைக்கோல் போர் மேலும், ஆற்று மணலிலும், கிணற்று மேட்டிலும் குட்டிக்கரணம் அடித்துப் பார்க்க ஒருபோதும் விடாதீர்கள். கழுத்தில் விழுந்தால் மீட்க முடியாத சேதம் ஆகிவிடும். மெத்தையும் பயிற்சியாளரும் இருக்கும் இடத்தில்தான் அந்த வேலை.

கோலமாவு போதும்

பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக்கில் நான்கு பிரிவு உண்டு. தாவும் மேசை, ஏற்ற இறக்கமான இரண்டு கம்பி, நடக்கும் கட்டை, தரைப் பயிற்சி. அந்தக் கட்டையின் அகலம் வெறும் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், தரையிலிருந்து உயரம் 125 சென்டிமீட்டர். நம்ம உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுதான் அதிகம். அதன் மேலே நடந்து, குதித்து, திரும்ப வேண்டும்.

இதை வீட்டில் எப்படிப் பழகுவது? வாசல் தெளித்துக் காய்ந்த பிறகு, கோலமாவால் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு 5 மீட்டருக்கு இரண்டு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள்ளேயே நுனிக்காலில் முன்னே நடக்கட்டும், பின்னே நடக்கட்டும், ஒற்றைக் காலில் நிற்கட்டும், திரும்பட்டும். மாவு கலைந்தால் கால் தப்பியது என்று அர்த்தம். யாரும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை, மாவே சொல்லிவிடும்.

கம்பிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உத்தரத்தில் உறுதியாகப் பொருத்திய இரும்புக் குழாய் இருந்தால் அதில் தொங்கட்டும். தோளைக் காதிலிருந்து கீழே இறக்கி, உடம்பை ஆட்டாமல் 15, 20 விநாடி, மூன்று தடவை போதும். முதலில் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துவிடுங்கள். மரக் கிளை என்றால் வேம்பு, புளி மாதிரி உறுதியானது, அதுவும் பச்சையானது. முருங்கைக் கிளை பக்கம் போகவே கூடாது, அது ஒடியும் மரம்னு நமக்கே தெரியும்.

மற்றதுக்கு ஒரு பாயும் ஒரு சுவரும் போதும். முதலில் 10 நிமிடம் கயிறாட்டமோ மெதுவோட்டமோ. உடம்பு சூடானால்தான் நீட்டி வளைக்கலாம், காலையில் எழுந்தவுடன் காலை விரிக்க வைத்தால் தொடைத் தசை கிழியும். பிறகு இரண்டு காலையும் முன்பின்னாக விரித்து உட்காருவது, பக்கவாட்டில் விரிப்பது, சக்கராசனம். ஒவ்வொன்றிலும் 30 விநாடி நிற்கட்டும். தம்பியை முதுகில் உட்காரவைத்து அழுத்துவது, அண்ணன் காலைப் பிடித்து இழுப்பது எல்லாம் வேண்டாம். இறுக்கம் இருக்கலாம், குத்தும் வலி இருக்கக் கூடாது.

அடுத்தது வயிற்றுப் பலம். மல்லாந்து படுத்து, இடுப்புக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் தரையோடு அழுத்தி, கையைக் காதோரம் நீட்டி, தோளையும் காலையும் லேசாகத் தூக்கினால் உடம்பு தோணி மாதிரி வளையும். அப்படியே 20 விநாடி. பார்க்க எளிது, நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள், தெரியும். தலைகீழாகக் கையில் நிற்பது, கம்பியில் சுற்றுவது, எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தத் தோணிதான். கையில் நிற்பது ஏற்கெனவே பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருந்தால் மட்டும், சுவரைப் பார்த்தபடி வயிறு சுவரோடு இருக்கும்படி 20, 30 விநாடி நிற்கட்டும். கூடவே உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, தண்டால். மொத்தம் 40 நிமிடம், வாரம் 5 நாள். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

"தண்ணிக் குடம் தூக்குறா, மாவாட்டுறா, அதுவே பயிற்சிதானே?" என்று சிலர் கேட்கலாம். இல்லை சகோதரிகளே. வீட்டு வேலை உடம்பைக் களைப்பாக்கும், ஆனால் காலை விரிக்கவோ தோளைத் திறக்கவோ செய்யாது. எப்போதும் ஒரே இடுப்பில் குடம் வைத்தால் ஒரு பக்கமே பாரம் ஏறும். லீவு என்றால் பெண் பிள்ளைக்கு மட்டும் வீட்டு வேலை கூடுவது நம்ம பழக்கம். தம்பிக்கும் ஒரு குடம் கொடுங்கள். அந்த 40 நிமிடம் தானாகக் கிடைக்கும்.

லீவு விடுவதற்கு முன்பே பயிற்சியாளரிடம் போய், வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொன்னதும் இந்தப் பாடத்தில் உள்ளதும் வேறுபட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள். வாரம் ஒரு முறை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் அம்மாவின் போனிலிருந்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

சடங்கு, மாதவிலக்கு, வளர்த்தி

வயசுக்கு வந்த உடனே பயிற்சியை நிறுத்தும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மாதவிலக்கு நாட்களில் பயிற்சி செய்வதால் எந்தக் கெடுதலும் இல்லை. வயிற்று வலி அதிகமானால் அன்று குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உடை பற்றிய கவலையும் இருக்கும். கணுக்கால் வரை மூடிய உடைக்கும் சர்வதேச விதியில் இடம் உண்டு. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி நாட்டுப் பெண்கள் அப்படி முழு உடையில்தான் ஆடினார்கள்.

வேறொரு விஷயத்துக்குத்தான் பயப்பட வேண்டும். ஒல்லியாக இருந்தால்தான் தேர்வாவாள் என்று சோற்றைக் குறைப்பது. கடுமையாகப் பழகி, சாப்பாடு போதாமல் இருந்தால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயது ஆகியும் வயசுக்கு வரவில்லை என்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை. இரத்தம் இல்லாத பிள்ளைக்கு எத்தனை பயிற்சி கொடுத்தும் மூச்சு வாங்கத்தான் செய்யும். லீவில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை லீவிலும் தொடர முடியுமா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து சரியாகச் சேராது.

சத்து மாவு டப்பா எதுவும் வாங்க வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முட்டை, நிலக்கடலை, முருங்கைக்கீரை, மோர் எல்லாம் நம்ம வீட்டுச் சாமான்.

இன்னொன்று. லீவில் பெண் சட்டென்று வளர்ந்துவிட்டால் பழைய வளைவு குறையும், திரும்புவது தடுமாறும். எலும்பு முந்தி வளர்கிறது, தசை பிந்தி வருகிறது. "சோம்பேறி ஆயிட்டே"ன்னு திட்டாதீர்கள்.

அடிபட்டிருந்தால்

வளரும் பிள்ளையின் எலும்பு நுனி இன்னும் மிருதுவானது. மணிக்கட்டு, முழங்கால், முதுகு வலி ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டு போடுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கால் கட்டில் இருந்தாலும் மருத்துவர் சம்மதித்தால் கைக்கும் வயிற்றுக்கும் பயிற்சி கொடுக்கலாம்.

விட்டுத் திரும்பி வர முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் திரிபுரா மாநிலத்து தீபா கர்மாகரைப் பாருங்கள். தட்டைப் பாதத்தோடு பிறந்தவர். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தாவும் மேசையில் 15.066 புள்ளி எடுத்து நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையில் 0.150 புள்ளிதான். 2017-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியில் நடந்த உலகச் சவால் கோப்பையில் தங்கம். பிறகு, தடை செய்யப்பட்ட ஹைஜெனமின் என்ற பொருள் பரிசோதனையில் தெரிந்ததால் 21 மாதத் தடை, அது 2023 ஜூலையில் முடிந்தது. அந்தப் பொருள் தெரியாமல் உடம்பில் சேர்ந்தது என்று அவர் சொன்னார். எந்த டானிக்கும், எந்தப் பொடியும் மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். இத்தனைக்கும் பிறகு 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 30. அந்த அக்டோபரில்தான் ஓய்வு பெற்றார்.

அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் டோக்கியோவில் காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய், பாதியில் விலகினார். உலகமே பேசியது. சுமார் இரண்டு வருஷம் போட்டியை விட்டு ஒதுங்கியிருந்து, 2023-ல் திரும்பி வந்து, 2024-ல் பாரிஸில் மூன்று தங்கம் எடுத்தார். உங்கள் பிள்ளை "பயமா இருக்கும்மா"ன்னு சொன்னால் நம்புங்கள்.

தேர்வு நெருங்கும்போது

தேர்வுக்கு முன்னால் குறைந்தது 3 வாரமாவது மைதானத்தில் பயிற்சி இருக்கும்படி ஊரிலிருந்து திரும்புங்கள். முதல் வாரம் பழைய பயிற்சியில் பாதி, அதுவும் சிறு வித்தைகள் மட்டும். பிறகு மெல்லக் கூட்டலாம். தேதி, வயது வரம்பு, என்னென்ன சான்று வேண்டும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமோ நேரில் கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பேச்சை நம்பி இருக்க வேண்டாம். நன்றாக ஆடத் தெரிந்தும் பிறப்புச் சான்று கையில் இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, போட்டோ ஆகியவற்றை லீவிலேயே ஒரு பையில் போட்டு வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்த நாள் ஆகும்.

தேர்வுக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாம். அம்மாவால் முடியாவிட்டால் குழுவில் ஒருவர் துணைக்குப் போகட்டும். ஜிம்னாஸ்டிக்கில் பயிற்சியாளர் கை கொடுத்துத் தாங்குவது உண்டு. அது தவிர வேறு விதமாக யார் தொட்டாலும் உடனே சொல்லலாம், அம்மா திட்ட மாட்டாள் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள்.

வெளியூர் என்றால் முதல் நாள் மாலையே போய்ச் சேருங்கள். விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போன பிள்ளைக்குக் கால் விறைத்திருக்கும். வளையல், கொலுசு, தொங்கும் கம்மல் எல்லாம் வீட்டில் இருக்கட்டும், முடியை இறுக்கிக் கட்டுங்கள். காலையில் இட்லியோ வாழைப்பழமோ, புது ஊர்ச் சாப்பாடு எதுவும் வேண்டாம். போக்குவரத்துச் செலவுக்குப் பணம் இல்லை என்றால் முந்தின மாதக் கூட்டத்திலேயே சொல்லி, குழுவின் உள்கடனாகக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் "மகளின் விளையாட்டுத் தேர்வுச் செலவு" என்று காரணத்தை அப்படியே எழுதலாம்.