அணிலைத் தடுக்க வளித் துப்பாக்கி தெரிவு செய்தல்

கொய்யா, மா முதலிய கனிகளை அணில் கடித்துச் சேதப்படுத்துவதுண்டு. முதலிற் கனிகளைப் பையிட்டு மூடுதலும், மரத்தைத் தொடும் அயற்கிளைகளை வெட்டுதலும் வேண்டும். இவை போதாவிடின் மாத்திரமே வளித் துப்பாக்கியை நாடலாம். வாங்குமுன் அனுமதிப்பத்திர விதிகளைப் பொலிஸ் நிலையத்திலும், எவ்வகை அணிலைச் சுடலாம் என்பதை வனசீவராசிகள் அலுவலகத்திலும் கேட்டறிதல் அவசியம்.

குறைந்த செலவிற்கு, குழலை மடித்துச் சுருள்வில்லை இறுக்கும் வகை ஏற்றது. இதற்கு வாயுச் சிலிண்டர் வேண்டியதில்லை. 4.5 மில்லிமீற்றர்க் குண்டு கூடுதலாக நேர்கோட்டிற் பாயும், 5.5 மில்லிமீற்றர்க் குண்டு பாரமானது. வேகத்தினும் குறி தவறாமையே முக்கியம். 15 மீற்றர் தூரத்திற் கடதாசியில் ஐந்து குண்டுகள் சுடுக. அவை ஓரங்குல வட்டத்துள் விழாவிடின் அத்தூரத்தில் அணிலைச் சுடலாகாது. அது காயத்துடன் தப்பி வருந்தும்.

இலக்கின் பின்னே தடித்த மரத்தண்டோ மண்மேடோ இல்லாதவிடத்துச் சுடற்க. வானோக்கிச் சென்ற குண்டு அயலார் வளவில் விழும். துப்பாக்கியைப் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும்.