பெட்ரோல் இறங்க மறுப்பதேன்?

பழைய 350 சி.சி. புல்லட்டில் பெட்ரோலுக்குப் பம்பு கிடையாது. புவியீர்ப்பால்தான் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. சிறிது தூரம் ஓடி வண்டி நிற்கிறது. சற்றுப் பொறுத்து உதைத்தால் கிளம்புகிறது. உடனே வடிகட்டியைப் பழிப்பர் பலர். பட்டறையில் பணத்தைக் கொட்டுமுன், தொட்டி மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றழுத்தம் தாழும். கார்புரேட்டருக்கு மேல் பெட்ரோல் 30 செ.மீ. நிற்பதாகக் கொள்வோம், அவ்வுயரம் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 2 சதவீதமே! உள்ளழுத்தம் அவ்வளவு குறைந்தாலே ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் இறங்கினால் துளைதான் குற்றவாளி. ஓர் ஊசி போதும். இல்லையேல் தொட்டியை வடித்துவிட்டு, பெட்ரோல் டாப்பின் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். துரு அங்கேதான் தங்கும். பம்பு வண்டிக்குரிய காகித வடிகட்டியை இதில் மாட்டுவது வீண் வேலை. இச்சிறு அழுத்தம் அதைக் கடக்கத் திணறும்.