பட்டரவாக்கத்தில் இறங்குங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியலில் பிஎச்.டி. செய்தபோது, மெல்லிய படலங்களின் மின்தடையை அளக்க எனக்கு ஒரு சிறிய வெற்றிட அறை தேவைப்பட்டது. அதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் செய்து வாங்கினேன். இறக்குமதி என்றால் கொட்டேஷன், டெண்டர், கஸ்டம்ஸ் என்று மாதக்கணக்கில் இழுக்கும். யுஜிசி ஜே.ஆர்.எஃப். வாங்கும் அறிவியல் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் கிடைக்கும் கண்டிஞ்சென்சி, ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான். அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கருவியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கிண்டியில் ரயிலேறி பார்க்கில் இறங்கி, சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி லோக்கல் பிடித்தால் பட்டரவாக்கம். 1960-களில் உருவான தொழிற்பேட்டை அங்கிருந்து பக்கம்தான். லேத், மில்லிங், ஆர்கான் வெல்டிங் எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது இன்னும் அருகில். அவர்களில் பலர் அங்கே கால் வைத்ததே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

“தம்பி, டிராயிங் இருக்கா?” என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கட்டும். எது எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதையும் எழுதுங்கள். எல்லா இடத்திலும் 0.01 என்று போட்டுவிடாதீர்கள், கூலி ஏறும். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்துக்குத் துல்லியம் வேண்டும். வெளிச்சுவர் அரை மில்லிமீட்டர் தடித்தாலும் பம்புக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீரும் எண்ணெயும் கசியாமல் செய்வதில் அவர்கள் தேர்ந்தவர்கள். வெற்றிடத்தின் தேவை வேறு. அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நாம். வழக்கப்படி வெல்டிங்கை வெளிப்பக்கம் வைப்பார்கள். அப்படி வைத்தால் இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடுக்கு அறைக்குள்ளே திறந்திருக்கும். அதில் சிக்கிய காற்று துளித்துளியாக வந்துகொண்டே இருக்கும், கேஜ் முள் இறங்காது. சுவரில் ஓட்டையே இல்லாததால் ஹீலியம் வைத்துத் தேடினாலும் கசிவு அகப்படாது. ஆகவே வெல்டிங் உள்பக்கம் வேண்டும் என்று டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள். மறுபக்கம் திறக்காத மரைத்துளையிலும் இதே தொல்லைதான். திருகின் நடுவே நீளவாக்கில் ஒரு நுண்துளை போட்டால் தீரும். ஓ-ரிங் பள்ளத்தில் லேத் விட்ட வட்டக் கோடுகள் இருக்கலாம், குறுக்குக் கீறல் கூடாது. பளபளவென்று தரும் அக்கறையில் எமரி தாளால் குறுக்கே தேய்த்துவிடுவார்கள், முன்பே சொல்லிவையுங்கள். அறைக்குள் சூடாகும் பாகம் எதையும் பித்தளையில் செய்யாதீர்கள். அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகிப் படலத்தின்மேல் படியும்.

ஸ்டீல் வாங்கும்போது 304 என்று கேட்டு, டெஸ்ட் சர்டிபிகேட்டும் வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் அது 304 ஆகிவிடாது, 202-லும் ஒட்டாது. ஆனால் கே வகைத் தெர்மோகப்பிளுக்குக் காந்தம் உதவும்: ஒட்டும் கம்பி அலுமெல், அதுதான் நெகட்டிவ். வேலை முடிந்து வந்த பாகங்களில் கட்டிங் ஆயில் இருக்கும். சோப்பு நீர், அசிட்டோன், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் என்ற வரிசையில் கழுவுங்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் போகாதீர்கள். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிராயிங்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அனுமதி கேட்டு லேத் பக்கத்தில் நில்லுங்கள். முழு உருளையைக் குடைந்து செய்வதாகத்தான் என் டிராயிங் இருந்தது. வயதான ஒரு டர்னர் அதைப் பார்த்துவிட்டு, “குழாயை வெட்டி ரெண்டு பக்கமும் ஃபிளான்ஜ் வெச்சிரலாம் தம்பி, செலவு பாதியாயிரும்” என்றார். “சரிங்கண்ணே” என்று அங்கேயே மாற்றி வரைந்தேன். அந்த அறையில்தான் என் ஆய்வேட்டின் அளவீடுகள் அத்தனையும் எடுக்கப்பட்டன.

எல்லாவற்றையும் நாமே செய்யவும் வேண்டாம். என்.எம்.ஆர்., ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் ஆய்வு போன்றவற்றுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாய்ஃப் மையத்தில் கட்டணம் கட்டி மாதிரியைக் கொடுக்கலாம். நம் சோதனைக்கென்றே வேண்டிய, எந்தக் கேட்டலாக்கிலும் இல்லாத பொருளுக்குத்தான் அம்பத்தூர்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளரையும் நிதி தந்தவர்களையும் எல்லோரும் எழுதுகிறோம். டர்னர், வெல்டர் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். பைண்டிங் ஆனதும் ஒரு பிரதியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.