நூலகப் பாடவேளையில் கதை எழுதலாம்: முழுமையான வழிகாட்டி

தொடக்கப் பள்ளி நூலகம் என்றதும் பெரிய கூடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அது ஒரு இரும்பு பீரோ, அல்லது சுவரோடு கட்டிய கயிறும் அதில் தொங்கும் கதைப் புத்தகங்களும்தான். அதுவே போதும். வாரம் ஒரு பாடவேளை, 3 முதல் 5ஆம் வகுப்பு வரை ஒரு முப்பது பிள்ளைகள். நான்கே வாரத்தில் அவர்கள் எழுதிய முப்பது புத்தகங்களை அதே கயிற்றில் தொங்கவிடப் போகிறோம்.

என்னென்ன வேண்டும்?

ஏ4 தாள், பென்சில், கிரேயான், மூடி உள்ள இரண்டு டப்பாக்கள். கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று, அதுவும் நம் கையில். கிழித்துப்போட்ட காலண்டர் தாள்களைச் சேர்த்து வையுங்கள். அவற்றின் பின்பக்கம்தான் நம் வெள்ளோட்டத் தாள்.

முதல் வாரம்: அட்டைகளை அடுக்குவோம்

இந்த வாரம் யாரும் பென்சிலைத் தொடப்போவதில்லை. புத்தகங்களின் முதுகில் இருக்கும் தலைப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கவிதையாக்கும் விளையாட்டு பல நாடுகளில் உண்டு. நம்மிடம் ஒரு சிக்கல்: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைப் புத்தகங்களைப் போல மெல்லியவை நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. அதனால் புத்தகங்களைத் தரையில் பரப்பி, அட்டைகளை வரிசையாக வைப்போம். குழுவுக்கு ஐந்து பிள்ளைகள், மூன்று தலைப்புகள். சேர்த்துப் படித்தால் ஏதோ ஒரு அர்த்தம் வர வேண்டும். இடையில் ஒரு சொல்லைச் சொந்தமாகச் சேர்க்கலாம். புத்தகத்தைத் தொடத் தயங்கும் பிள்ளைகூட இதில் மண்டியிட்டுத் தேடும்.

இரண்டாம் வாரம்: இரண்டு டப்பா விளையாட்டு

எனக்கு மிகப் பிடித்தது இதுதான். யோசனை இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜான்னி ரோடாரியுடையது. கதை கட்டும் கலை பற்றி 1973இல் அவர் எழுதிய புத்தகத்தில், தொடர்பில்லாத இரண்டு சொற்களை மோதவிட்டால் கதை பிறக்கும் என்கிறார். நாய், அலமாரி என்பது அவர் காட்டும் ஜோடி.

நாம் ஒரு டப்பாவில் உயிருள்ளவற்றின் பெயர்களையும் இன்னொன்றில் பொருள்களின் பெயர்களையும் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவோம். டப்பாவுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்வோம். ஆடு, பீரோ என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உடனே கதை கேட்காதீர்கள். முதலில் இரண்டையும் ஒட்டவைக்கச் சொல்லுங்கள்: ஆட்டின் பீரோ, ஆட்டுக்குப் பீரோ, பீரோவிலிருந்து ஆடு, பீரோவோடு ஆடு. ரோடாரி தன் மொழியின் இடைச்சொற்களால் செய்த வேலையை நமக்கு வேற்றுமை உருபுகள் செய்துகொடுக்கின்றன. ‘கு’ போட்டால் ஒரு கதை, ‘ஓடு’ போட்டால் வேறு கதை. இலக்கண வகுப்பில் கொட்டாவி விட வைக்கும் அதே உருபுகள்தான்!

பிடித்த ஒட்டைத் தேர்ந்தெடுத்ததும் மூன்று கேள்விகள்: யாரு பார்த்தாங்க? அப்புறம் என்ன ஆச்சு? கடைசியில யாரு என்ன சொன்னாங்க? வாயால் சொன்ன பிறகே தாளுக்குப் போவோம். ஒரு முறை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பீரோவுக்குள் புகுந்த ஆடு அம்மாவின் பட்டுப்புடவையைத் தின்றுவிட்டது என்றாள். அப்புறம்? “அது போட்ட புழுக்கையெல்லாம் ஜரிகையா மின்னுச்சு சார்.” வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

மூன்றாம் வாரம்: ஒரு தாள், எட்டுப் பக்கம்

இதை வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுப் போவோம்.

1. ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு முறை மடித்துப் பிரிக்கவும்.
2. குறுகிய ஓரங்கள் சேரும்படி இரண்டாக மடித்து, அதே திசையில் இன்னொரு மடிப்பு. பிரித்தால் எட்டுக் கட்டங்கள்.
3. மறுபடி குறுகிய ஓரங்கள் சேர ஒரே ஒரு முறை மடிக்கவும். மடிப்பு ஓரத்தின் நடுவிலிருந்து, குறுக்கே வரும் மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்டவும்.
4. பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளவும். நடு வெட்டு வாய் திறக்கும். அழுத்தி மடித்தால் புத்தகம் ரெடி. பின் வேண்டாம், பசை வேண்டாம்.

முன்னட்டை, பின்னட்டை போக ஆறு பக்கம். பக்கத்துக்கு இரண்டு வரி, மிச்சத்தில் படம். மடித்து முடித்த பிறகே எழுத வேண்டும். முதல் தடவை நான் எழுதவைத்துவிட்டு மடித்தேன், பாதிப் பக்கங்கள் தலைகீழாக நின்றன. ஒரு பையன் மட்டும் அசராமல், “வௌவால் படிக்கிற புக்” என்று அட்டையில் எழுதிக்கொண்டான்.

நான்காம் வாரம்: கயிற்றில் ஏற்றுவோம்

அட்டையில் தலைப்பும் எழுதியவர் பெயரும் இருக்கட்டும். தனிப் பதிவேடு ஒன்று போட்டு வரிசை எண் கொடுப்போம், பின்னட்டையில் இரவல் சீட்டு ஒட்டுவோம். இந்த எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். தன் புத்தகத்துக்கு எண் விழுந்ததும் பிள்ளை நிமிர்ந்து நிற்கும் நிற்பே வேறு. நல்ல கதைகளை 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ‘ஊஞ்சல்’ இதழுக்கும் அனுப்பிப் பார்க்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

500 தாள் கொண்ட கட்டு சுமார் 250 முதல் 300 ரூபாய். முப்பது புத்தகத்துக்கு முப்பது தாள், கெட்டுப்போவதற்கு இன்னொரு முப்பது. மீதி அடுத்த ஆண்டுக்கும் வரும். ஐந்தாறு கிரேயான் பெட்டிகளையும் சேர்த்தால் மொத்தம் ஐந்நூறு ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும்.

கவனம்!

சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம். லகர, ளகரப் பிழைகளைக் காலண்டர் தாள் வெள்ளோட்டத்தில் மட்டும், அதுவும் பிள்ளை கேட்டால், சொல்லிக்கொடுக்கலாம். பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும்.

‘இக்கதையின் நீதி’ என்று தானாகவே எழுத ஆரம்பிப்பார்கள். தேவையில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எழுத வராத பிள்ளை கதை சொல்லட்டும். சொன்னது சொன்னபடி, ஒரு சொல்லையும் திருத்தாமல், நாம் எழுதித் தருவோம். படம் அதன் கையால்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு அறிவித்த வாரம் எல்லோரும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்ததுதான் எனக்கு மிச்சம்.

புதிய புத்தகத்தை முதலில் எடுத்துப்போக யாரும் முன்வராமல் போகலாம். அதனால் நான்காம் வாரம் மணி அடிக்கும் முன் கயிற்றிலிருந்து ஒன்றை உருவி, இரவல் சீட்டில் நம் பெயரையும் தேதியையும் எழுதி, எல்லோரும் பார்க்கப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவோம்.