மூக்குத்தி

மகளிர் அணியும் அணிகலன்கள் பல. அவற்றுள் அளவிற் சிறியது மூக்குத்தி. மிளகளவே உள்ள அப்பொன், அணிந்தவர் முகத்தில் முதலிற் கண்ணிற்படும் பொருளாகி விடுகின்றது. மூக்கைக் குத்தி அணியப்படுதலின் அதற்கு அப்பெயர் அமைந்தது. குமரிமுனையிற் கோயில் கொண்டுள்ள பகவதி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கின் ஒளியென மயங்கிக் கப்பல்கள் பாறையில் மோதின என்றும், அதனாலேயே அக்கோயிலின் கீழை வாயில் சில நாள்களில் மட்டும் திறக்கப்படுகின்றது என்றும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது.

இத்துணைப் புகழ் வாய்ந்த அணி மிகத் தொன்மையானது என்றே எவர்க்கும் எண்ணத் தோன்றும். ஆனால், குழையையும் தொடியையும் சிலம்பையும் பலவிடங்களிற் கூறும் சங்க நூல்கள் மூக்கணியைக் கூறவில்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை, மாதவி பூண்ட அணிகளை அடிமுதல் முடிவரை முறையே எடுத்துரைக்கின்றது. அவ்வரிசையிலும் மூக்கணிக்கு இடமில்லை. வரலாற்றறிஞர் அல்தேகர், இந்திய மகளிர் நிலையைப் பற்றி 1938-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கி. பி. 1000 அளவிற்கு முன்னர் மூக்கணி இந்நாட்டில் வழங்கவில்லை எனக் கருதினார். பின்னாளில் வந்து சேர்ந்த அணியே எனினும், அது தமிழ் மகளிரின் மங்கலப் பொருள்களுள் ஒன்றாகி நிலைத்துவிட்டது.

மூக்கணிகள் பலவகைப்படும். மூக்கு மடலில் அணியும் ஒற்றைக்கல் மூக்குத்தியும், பல கற்கள் பதித்த பேசரியும், வளையமாக அமைந்த நத்தும், இரு துளைகட்கும் நடுவே தொங்கும் புல்லாக்கும் அவற்றுட் சில. தென்னாட்டிற் பெரும்பாலும் வலப்பக்கத்திலும், வடநாட்டில் இடப்பக்கத்திலும் மூக்குக் குத்திக் கொள்வர். இருபுறமும் அணிவாரும் உளர். பரத நாட்டியம் ஆடுவோர் இருபுற அணிகளோடு புல்லாக்கும் பூணுதல் மரபு.

மூக்குத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லின் ஒளியை மட்டும் நோக்குதல் போதாது. புதிய துளையில் இருக்கும் பொன் புண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆதலின், எவ்வுலோகம் உடலோடு இணங்கும் என்பதே முதலில் எண்ணத்தக்கது. கலப்பற்ற பொன் மிக மென்மையானது. செம்பும் வெள்ளியும் போன்றவற்றைச் சிறிது கலந்தே அணி செய்வர். 22 காரட் பொன்னில் நூற்றுக்கு 91.6 பங்கு தூய பொன் உண்டு. விலை குறைந்த முலாம் பூசிய அணிகளிற் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். அது பலருடைய தோலிற் சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். பளபளப்பிற் பொன்னை ஒத்திருப்பதெல்லாம் பொன்னின் பண்பை உடையதாகாது. மேலும், முதலில் அணியும் மூக்குத்தி எடை குறைந்ததாகவும், வீக்கத்திற்கு இடங்கொடுக்குமாறு தண்டு சற்று நீண்டதாகவும் இருத்தல் வேண்டும்.

முற்காலத்தில் ஊர்ப் பொற்கொல்லரே கூரிய பொற்கம்பியால் மூக்குக் குத்தினார். அவர் கைத்திறனிற் குறைவில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று பரவியிருக்கவில்லை. ஒருவர்க்குப் பயன்படுத்திய ஊசியைத் தூய்மை செய்யாமல் மற்றொருவர்க்குப் பயன்படுத்தினால், ஈரலைத் தாக்கும் மஞ்சட் காமாலைக் கிருமி முதலியன குருதியின் வழியே பரவக்கூடும். ஆகவே, ஒருமுறை மட்டுமே பயன்படும் புதிய ஊசியாற் குத்திக் கொள்ளுதலே நன்று. காது குத்துவதற்கென அமைந்த துப்பாக்கி போன்ற கருவி மூக்கிற்கு ஏற்றதன்று. அது தசையை நசுக்கிவிடும்.

காதுச் சோணையில் இட்ட துளை ஏறக்குறைய இரண்டு திங்களில் ஆறிவிடும். மூக்கிலிட்ட துளையோ முற்றும் ஆறுவதற்கு நான்கு முதல் ஆறு திங்கள் வரை ஆகும். சிலர்க்கு ஓராண்டும் ஆகலாம். வெளியே ஆறியது போலத் தோன்றினும் உள்ளே புண் ஆறாதிருத்தல் உண்டு. காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு குவளையிற் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்நீரால் நாள்தோறும் இருமுறை துடைத்தல் போதும். மஞ்சளும் எண்ணெயும் அப்புதல், மூக்குத்தியைத் திருகிக் கொண்டே இருத்தல், கழுவாத கையால் தொடுதல் ஆகியவை தவிர்க்கத்தக்கன. மூக்கைச் சூழ்ந்த பகுதியின் குருதி நாளங்கள் சில, தலையின் உட்புற நாளங்களோடு தொடர்புடையன. ஆதலின், சீழும் மிக்க வீக்கமும் காய்ச்சலும் தோன்றின், வீட்டு மருந்தை நம்பிக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மூக்குத்தியை மாற்றும்போதும் பொறுமை வேண்டும். துளை ஆறுமுன் கழற்றினால் அது விரைவிற் சுருங்கி மூடிக்கொள்ளும். மீண்டும் வலிந்து நுழைத்தாற் புண்ணாகும். நன்கு ஆறிய பின்னர், கைகளைக் கழுவி, கண்ணாடியின் முன் நேராக அமர்ந்து, மடியில் துணியொன்றை விரித்துக்கொண்டு மாற்றுதல் நல்லது. படுத்த நிலையிலோ, பேசிக்கொண்டோ மாற்றுதல் கூடாது. உட்புறத் திருகாணி கழன்று மூச்சுக்குழாயில் இறங்க, மருத்துவர்கள் அதனை எடுக்க நேர்ந்த நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களிற் பதிவாகியுள்ளன. எனவே, அணிந்திருப்போர் திருகாணி இறுகியுள்ளதா என அவ்வப்போது பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

மூக்குத்தியை மாற்றும் இச்சிறு செயல் ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதிலும் அதன்பின் வந்த கப்பல்களிலும் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற தமிழர் பலர் அந்நாட்டிலேயே நிலைத்தனர். கடல் கடந்து சென்ற அவர்களோடு தாய்நாட்டு வழக்கங்களும் சென்றன.

2004-ஆம் ஆண்டில், டர்பனில் வாழ்ந்த தென்னிந்தியக் குடும்பமொன்றின் மகள், தாயின் இசைவோடு விடுமுறையில் மூக்குக் குத்திச் சிறிய பொன் மூக்குத்தி அணிந்து பள்ளிக்குச் சென்றாள். பள்ளி விதிகள் அதனை ஏற்கவில்லை. பருவமெய்திய பெண்ணுக்கு மூக்குக் குத்துதல் தங்கள் குடும்ப மரபு என்றும், மகளுக்குப் பதினாறு வயது நிரம்பும்போது பாட்டி அப்பொன் மூக்குத்தியை நீக்கி வைர மூக்குத்தி அணிவித்து வாழ்த்துவார் என்றும் தாய் எடுத்துரைத்தார். பள்ளி இசையாமையால் வழக்கு எழுந்தது. முதல் மன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. இறுதியாக, 2007-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள், அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பில், மாணவிக்கு விலக்களிக்க மறுத்தது நேர்மையற்ற வேறுபாடு என்று கூறியது. சமயம் கட்டாயப்படுத்தும் வழக்கத்தை மட்டுமன்றி, ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் பண்பாட்டு வழக்கத்தையும் சட்டம் காத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. தீர்ப்பு வந்தபோது அம்மாணவி அப்பள்ளியை விட்டு நீங்கியிருந்தாள். ஆயினும், பள்ளி தன் விதிகளைத் திருத்துமாறு பணிக்கப்பட்டமையால், அவளுக்குப் பின் வந்த மாணவியர் பயன் பெற்றனர்.

விரும்பி அணிவோர்க்கு மூக்குத்தி அழகும் பெருமையுமாகும். விரும்பாதார்க்கு அஃதொரு சுமையேயாம். அணிய விரும்புவோரைத் தடுத்தலும், விரும்பாத பெண்ணை வற்புறுத்தி மூக்குக் குத்துதலும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். பாட்டி கொடுத்த வைரமாயினும், சந்தையில் வாங்கிய சிறு கல்லாயினும், மனமொப்பி, தூய்மை பேணி அணியும்போதே அது முகத்திற்கு ஒளி தருவதாகும்.