பிறர் பெயரில் ஓடும் காடி

பீடோங்கில் காடிக்கு இன்சூரன்சும் ரோட்டெக்சும் புதுப்பித்துத் தரும் கடையில் பல வருடமாக வேலை செய்கிறேன். கவுண்டருக்கு வருபவரின் பெயர் ஒன்று, கிரானில், அதாவது காடியின் உரிமைச் சான்றில், உள்ள பெயர் வேறொன்று என்றால் எனக்கு விஷயம் புரிந்துவிடும்: சம்பூங் பாயார். ஒருவர் பேங்க் கடனில் எடுத்த காடியை இன்னொருவர் வாங்கி ஓட்டி, மிச்சத் தவணையை மாதாமாதம் கட்டுவது. கையில் கொஞ்சம் காசு, ஒரு கைகுலுக்கல், சாவி வந்துவிடும்.

ஏன் இதில் இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ் வராத தோட்டத்திலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்கில் இரவு ஷிப்டுக்குப் போக காடி வேண்டும். பழைய பாக்கி பேங்குகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவில் கிடந்தால் லோன் கிடைப்பது கடினம். காடியைக் கைமாற்றுபவருக்கும் வேறு போக்கிடம் இருப்பதில்லை. 45,000 வெள்ளிக் கடன், 9 வருடம், 3.5 விழுக்காடு நிலைவட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 548 வெள்ளி. 3 வருடத்தில் 19,700 வெள்ளிக்கு மேல் கட்டியிருப்பார். ஆனால் நம்மவர்கள் எடுத்த பழைய கடன்களில் '78 விதி'ப்படி மொத்த வட்டியில் பெரும்பங்கு முதல் வருடங்களிலேயே கழிந்தது. கடனை முடிக்க இன்னும் 33,000 வெள்ளிக்கு மேல் வேண்டும். அந்த விலைக்குக் காடி போகாது. அதனால்தான் தவணையைச் சுமக்க ஆள் தேடுகிறார்.

சுமப்பவருக்கு என்ன கிடைக்கிறது? பாடாங் செராய் பக்கம் ஒரு குடும்பத்தின் காடி விபத்தில் முழுச்சேதம் ஆனது. இன்சூரன்ஸ் பணம் முதலில் பேங்குக்குப் போனது, மீதி பாலிசியில் பெயர் இருந்தவருக்கு. "அண்ணே, மாசாமாசம் கட்டுனது நாங்கதானே?" என்று அந்த அக்கா ரசீதுகளை மேசைமேல் பரப்பினார். அத்தனையும் ஒழுங்காக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. பெயர் இருந்தவர் போனை எடுக்கவில்லை.

பேங்க் காடியை இழுத்துக்கொண்டு போவதும் இப்படித்தான். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து 2 மாதம் தவணை தவறினால்தான் பேங்க் கைவைக்க முடியும்; அதற்கும் முன்பு 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்டால் கோர்ட் உத்தரவே தேவை. நல்ல பாதுகாப்புதான். ஆனால் நோட்டீஸ் போவது கடன் எடுத்தவர் வீட்டுக்கு. நீங்கள் தவணையை அவர் கையில் கொடுத்து, அவர் பேங்கில் கட்டாமல் விட்டிருந்தால், ஒரு நாள் காலையில் வாசலில் காடி இருக்காது. தவணையை நேராகக் கடன் கணக்கில் கட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

யாரும் நினைத்துப் பார்க்காத இழப்பு என்சிடி என்ற இன்சூரன்ஸ் கழிவு. 5 வருடம் இன்சூரன்சில் கைவைக்காமல் ஓட்டினால் பிரீமியத்தில் 55 விழுக்காடு கழிவு கிடைக்கும். அந்தக் கழிவு பாலிசிக்காரர் பெயரில் ஏறும். நீங்கள் கவனமாக ஓட்டிய வருடங்களின் பலன் அவருக்கு. நாளைக்கு நீங்கள் சொந்தமாக ஒரு சாகா காடி வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டி ஹாட்ஞாய் போவதென்றாலும் கிரானில் உள்ளவரின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

பேங்குக்குத் தெரியாமல் காடியைக் கைமாற்றுவது கடன் எடுத்தவரைக் கோர்ட்டுக்கே கொண்டுபோகலாம். வாங்கியவருக்கும் அந்தக் காடிமேல் பேசக்கூடிய உரிமை எதுவும் வராது. நீங்களே எழுதிக்கொண்ட ஒப்பந்தம் பேங்கைக் கட்டுப்படுத்தாது.

பழைய சாகாவோ கான்சிலோ ரொக்கத்துக்குக் கிடைத்தால், பெயிண்ட் மங்கியிருந்தாலும் அதையே வாங்குங்கள். பெயர் மாற்றும்போது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் இருவரும் விரல்ரேகை வைத்து, கிரான் உங்கள் பெயருக்கு வந்த பிறகு முழுப்பணத்தைக் கொடுங்கள். கடன் சுமையால் லோன் கிடைக்கவில்லை என்றால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகேவுக்குப் போங்கள். ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

ஏற்கெனவே சம்பூங் பாயார் காடி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பேங்கின் சம்மதத்தோடு கடனை இன்னொருவருக்கு மாற்ற அதே வாடகைக் கொள்முதல் சட்டம் இடம் தருகிறது. பேங்க் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்கும், கணக்கைப் பார்க்கும், மறுக்கவும் கூடும். கடன் எடுத்தவரோடு நல்ல பேச்சுவார்த்தை இருக்கும்போதே அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.